அல்டூனாவில் ஒரு நாள்: அவருக்கு ரயில், எனக்கு பேஸ்பால்

பொன்மலை மருமகள் | சனி கழிந்த திங்கள், இரவு 9:40

போன சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மெக்கானிக்ஸ்பர்க்கிலிருந்து விடியற்காலையில் காரை எடுத்து அல்டூனா போய்விட்டு, இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்பினோம். பென்சில்வேனியாவில் நம்மவர்கள் காரில் கிளம்பினால் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில், இல்லாவிட்டால் நயாகரா. போகிற வழிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற இந்த ஊரில் இறங்கிப் பார்த்ததாக இங்கே யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். மாமனார் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். பணிமனைச் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்த குடும்பம். எனக்கோ பேஸ்பால். வேலைக்கு வந்த முதல் வருஷம் அலுவலகத்தில் எல்லோரையும் ஹாரிஸ்பர்க் செனட்டர்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி மடியில் ஸ்கோர் அட்டையை வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். கேட்டேன், சொல்லிக்கொடுத்தார். அன்று பிடித்த பென்சிலை இன்னும் கீழே வைக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் செனட்டர்ஸ் அல்டூனாவுக்கு ஆடப் போயிருந்தார்கள். அல்டூனா அணியின் பெயர் கர்வ். வளைந்து விழுகிற பந்துக்கும் கர்வ் என்று பெயர். ஊருக்கு மேற்கே மலையில் ரயில் பாதை குதிரை லாடம் மாதிரி திரும்புகிற இடத்துக்கும் ஹார்ஸ்ஷூ கர்வ் என்று பெயர். இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. அட்டவணையைக் காட்டியதும் அவர் அன்று இரவே கார் டயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

முதலில் ராக்வில் பாலம். ஹாரிஸ்பர்க்குக்குச் சற்று வடக்கே சஸ்குவெஹானா ஆற்றைத் தாண்டுகிற ரயில் பாலம். 1902-ல் கட்டியது, 48 கண், 3,820 அடி நீளம். கல் வளைவுகளால் ஆன ரயில் பாலங்களில் உலகத்திலேயே நீளமானது இதுதான். பத்து வருஷமாகப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், காரை நிறுத்திப் பார்த்தது அன்றுதான். ஆற்றின் மேல் பனி நின்றதால் பாலத்தின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. ஒரு கன்டெய்னர் வண்டி பனிமேல் போகிற மாதிரி போனது. அவர் எதுவும் பேசவில்லை. ஃபிளாஸ்க்கில் இருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அங்கிருந்து ஜூனியாட்டா ஆற்றை ஒட்டியே சாலை. தண்டவாளமும் கூடவே வரும், கொஞ்ச நேரம் இந்தக் கரை, கொஞ்ச நேரம் அந்தக் கரை. லூயிஸ்டவுன், ஹண்டிங்டன் எல்லாம் நிற்காமல் தாண்டினோம்.

பத்தரை மணிக்கு ஹார்ஸ்ஷூ கர்வ். கீழே ஒரு சின்னக் காட்சியகம். மேலே தண்டவாளம் வரைக்கும் ஏற 194 படி. ஏற முடியாதவர்களுக்குப் பழனி விஞ்ச் மாதிரி இரண்டு பெட்டி இழுவை ரயில். படியேறிப் போனால் ஒரு சின்னப் பூங்கா, அதைச் சுற்றி வளைந்து போகிற தண்டவாளம். நாம் லாடத்துக்கு நடுவில் நிற்கிறோம். கீழே பள்ளத்தாக்கில் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள்.

நாற்பது நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறுமை போனது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் அவர் "கேள்" என்றார். முதலில் எனக்குக் காற்று மாதிரிதான் கேட்டது. பிறகு எதிர் மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே எஞ்சின் தெரிந்தது. மலை ஏறி வருகிற வண்டி. ஏறுகிற வண்டி மெதுவாகத்தான் வரும், ஒரு ஆள் ஓட்டமாக ஓடினால் கூடவே வந்துவிடலாம் போல. எஞ்சின் எங்களைத் தாண்டும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. சக்கரம் வளைவில் உரசி எழுப்புகிற கீச்சொலி காதைக் குத்தியது. வண்டியின் தலை எங்களைத் தாண்டி வலது பக்க மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது, வால் இன்னும் இடது பக்க மலையில் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஒரே வண்டி, இரண்டு பக்கமும். கடைசியில் பார்த்தால் பின்னால் இரண்டு எஞ்சின் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. அவர் கண் கலங்கியிருந்தது. மாமனார் போய் மூன்று வருஷம் ஆகிறது.

மதியம் ஊருக்குள் ரயில்வே தொழிலாளர் அருங்காட்சியகம். அப்புறம் மலை உச்சியில் காலிட்சின் என்ற சின்ன ஊர். சுரங்க வாயிலுக்கு எதிரே ஒரு பூங்கா, பெஞ்சு, பழைய கார்டு வேன் ஒன்று. அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். சாயங்காலம் ஐந்தரையை ஒட்டி பென்சில்வேனியன் வந்தது. நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் போகிற பயணிகள் வண்டி. ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்டியது.

ஆட்டம் ஆறு மணிக்கு. கிளம்பியிருக்க வேண்டும். பக்கத்தில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "கீழே ஒரு கனமான வண்டி ஏற ஆரம்பித்திருக்கிறது, பின்னால் தள்ளுகிற ஹெல்பர் எஞ்சினும் இருக்கிறது" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். சரி, இருப்போம் என்றேன். சுரங்கத்துக்குள்ளிருந்து முதலில் உறுமல், பிறகு புகை, பிறகுதான் விளக்கு. மைதானத்துக்குப் போய் உட்காரும்போது ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வலது பக்க வேலிக்குப் பின்னால் மர ரோலர் கோஸ்டர் ஒன்று நிற்கிறது, அதற்குப் பின்னால் மலை. இவ்வளவு அழகான மைதானத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

---

ரெண்டு வாண்டுகள் | திங்கள், இரவு 10:15

அக்கா, படிக்கும்போதே கிளம்பிவிடலாம் போலிருக்கிறது. நியூஜெர்சி எடிசனிலிருந்து போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வரைபடம் காட்டுகிறது. ஆறு வயசு, மூணு வயசு இரண்டு பேர், கூட மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. அந்த இழுவை ரயில் எப்போதும் ஓடுமா? மைதானத்தில் சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

---

கூட்ஸ் வண்டி | திங்கள், இரவு 11:02

பிட்ஸ்பர்க்கில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். அந்த மலைக்கு மாதம் ஒருமுறையாவது போவேன். முதல் தடவை போனவர் இவ்வளவு கவனித்து எழுதியிருப்பது சந்தோஷமாக இருக்கிறது. சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

அந்த வளைவு ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். பள்ளத்தாக்கில் நேராகப் பாதை போட்டிருந்தால் எந்த எஞ்சினும் ஏற முடியாத சரிவு வந்திருக்கும். பென்சில்வேனியா ரயில்ரோடின் தலைமைப் பொறியாளர் ஜான் எட்கர் தாம்சன், பாதையை ஒரு பக்க மலைச்சரிவில் கொண்டுபோய், பள்ளத்தாக்கின் முனையில் திருப்பி, மறு பக்க மலைச்சரிவில் திரும்பக் கொண்டுவந்தார். தூரம் கூடியது, சரிவு குறைந்தது. ஏறத்தாழ 55 அடி ஓடினால் ஓர் அடி ஏறும். நம் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 12 அடிக்கு ஓர் அடி, அதனால்தான் அங்கே பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. இங்கே வெறும் சக்கரமும் தண்டவாளமும் மட்டும்தான். மொத்தம் 220 டிகிரி திரும்புகிறது. பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் கடப்பாரை, மண்வெட்டி, குதிரைகளை வைத்துக்கொண்டு வெட்டிய பாதை. 1854 பிப்ரவரி 15 அன்று திறந்தார்கள்.

இறங்கி வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டீர்களா? அது வேறு. எஞ்சினின் மோட்டார்களை ஜெனரேட்டராக மாற்றி அதன் இழுப்பால் வேகத்தை அடக்குவார்கள். அதில் பிறக்கிற மின்சாரம் எஞ்சின் கூரையில் உள்ள கம்பிச் சுருள்களில் வெப்பமாகப் போய்விடும். அதைக் குளிர்விக்க ஓடுகிற விசிறிதான் ஊளையிடுகிற மாதிரிக் கேட்கும். தள்ளிக்கொண்டு ஏறிய ஹெல்பர்களும் சில நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கும், அடக்குவதற்காக.

ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். ரயில் பார்க்கப் போனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டுமே பாதிதான்.

---

இடது கை சுழல் | செவ்வாய், காலை 7:20

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் பார்த்து வளர்ந்தவன் நான். பேஸ்பால் இரண்டு தடவை பார்த்தேன். பாதிப் பந்துகளுக்கு மட்டையே வீசவில்லை, வீசினால் பாதி பின்னால் போகிறது, அதற்கு ரன்னும் கிடையாது. மூன்று மணி நேரம் கழித்து 3–2. அதில் என்ன பார்க்கிறீர்கள்? அதுவும் மைனர் லீக். ரஞ்சிக்கே மைதானத்தில் ஆள் வருவதில்லை.

---

பொன்மலை மருமகள் | செவ்வாய், மாலை 6:30

ஒவ்வொருவருக்காகச் சொல்கிறேன்.

ரெண்டு வாண்டுகள்: நாங்கள் போன அன்று இழுவை ரயில் ஓடியது. கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், குளிர்காலத்தில் அந்த இடத்தையே மூடிவிடுவார்கள். மேலே தண்டவாளத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே வேலி இருக்கிறது, மூணு வயசுக்காரரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் காதுக்கு ஏதாவது கொண்டுபோங்கள், சக்கரச் சத்தத்துக்குக் குழந்தைகள் மிரளும். மைதானத்தில் நான் சாப்பிட்டது பிரெட்ஸலும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். சாப்பாட்டைக் காலிட்சின் பூங்காவிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. அல்டூனாவில்தான் ஷீட்ஸ் பெட்ரோல் பங்க் 1952-ல் பிறந்தது, அதனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒன்று இருக்கும். பாத்ரூம் கவலை இல்லை. மாலோ கப் என்ற சாக்லேட்டும் அந்த ஊர்ச் சரக்குதான், வாண்டுகளுக்குப் பிடிக்கும்.

இடது கை சுழல்: நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இதே கேள்வியை என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்டார்.

நீங்கள் டெஸ்ட் பார்த்தவர். ஒரு சுழல் பந்து வீச்சாளர் நாலு பந்தை வெளியே திருப்பி, ஐந்தாவதை உள்ளே விடுவதற்காகக் காத்திருப்பாரே, அதைப் பார்க்க உங்களுக்குக் கண் பழகியிருக்கிறது. இங்கே ஒவ்வொரு பேட்டருக்கும் அது நடக்கிறது. மட்டை வீசாமல் விடுவது அங்கே ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விடுவது மாதிரிதான். நாலு பந்து தப்பாகப் போட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடுவார். அதனால் பந்து எறிகிற பிட்சர் எப்போதும் ஓரத்திலேயே ஒளிந்துகொள்ள முடியாது, எப்போதாவது உள்ளே வந்தாக வேண்டும். அந்த ஒரு பந்துக்காகத்தான் இரண்டு பேரும் மற்ற பந்துகளைச் செலவழிக்கிறார்கள். பின்னால் போகிற பந்துக்கு ரன் கிடையாதுதான். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் (மூன்று வாங்கினால் அவுட்) வாங்கிய பேட்டர் அப்படித் தட்டித் தட்டியே உயிரோடு இருக்கலாம். சனிக்கிழமை எங்கள் அணிப் பையன் ஒருவன் தொடர்ந்து ஆறு பந்தை அப்படித் தட்டிவிட்டு, அதற்கடுத்த பந்தை இடது பக்கக் கோட்டோரமாக அடித்தான். என் அட்டையில் அந்தக் கட்டம் முழுக்கப் புள்ளியாக இருக்கிறது.

அட்டை எழுதினால் மூன்று மணி நேரம் என்பது தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக் களத்தில் இடமிருந்து வலம் 7, 8, 9. தரையோடு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3. மூன்று எண்ணில் மொத்த ஓட்டமும் இருக்கிறது. மட்டை வீசித் தவறி அவுட்டானால் கே என்ற ஆங்கில எழுத்து. வீசாமல் நின்றே அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பி எழுத வேண்டும். பத்து வருஷத்து அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்துப் பார்த்தால் அன்றைய சாயங்காலம் அப்படியே வந்துவிடும்.

கூட்ஸ் வண்டி: விளக்கத்துக்கு நன்றி, அவரிடம் படித்துக் காட்டினேன். ஆனால் பாதி என்று சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் தனியாகப் போயிருந்தால் எட்டு மணி நேரம் அங்கேயே இருந்திருப்பார், எனக்கு அது தெரியும். நான் தனியாகப் போயிருந்தால் ஒரு மணிக்கே மைதான வாசலில் நின்றிருப்பேன். இரண்டு பேருமாகப் போனதால்தான் அந்தக் கீச்சொலியை நான் கேட்டேன்.

---

மூணாவது பேஸ் | செவ்வாய், இரவு 8:05

> அதுவும் மைனர் லீக்.

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ரெடிங் பக்கம் இருக்கிறேன், அல்டூனாவும் ஹாரிஸ்பர்க்கும் ஆடுகிற அதே ஈஸ்டர்ன் லீகை வருஷக்கணக்காகப் பின்தொடர்கிறேன்.

மைனர் லீக் என்றால் இரண்டாம்தர ஆட்டம் என்று நினைக்கிறோம். அது ஏணி. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ, அதற்கு மேலே மேஜர் லீக். ஒவ்வொரு மேஜர் அணிக்கும் ஒவ்வொரு படியிலும் ஓர் ஊர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு பிரேடன்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா, இண்டியானாபொலிஸ். இதில் டபுள்-ஏதான் ஆளைப் பிரித்துக் காட்டுகிற இடம். வேகப் பந்தை மட்டும் அடித்து ஏறி வந்தவன் இங்கே வளைகிற பந்தில் மாட்டிக்கொள்வான்.

வேலை நடக்கிற விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பது மேலே உள்ள மேஜர் அணி. மைதானம், டிக்கெட், வறுவல் கடை, இடைவேளைப் போட்டி எல்லாம் உள்ளூர் முதலாளியின் பொறுப்பு. நல்ல ஆட்டக்காரனை எப்போது மேலே கூப்பிடுவார்கள் என்பது உள்ளூர்க்காரர் கையில் இல்லை. அதனால் அவர்கள் ஆட்டத்தை மட்டும் நம்பாமல் ஒரு சாயங்காலத்தையே விற்கிறார்கள்.

2007-ல் ஆண்ட்ரூ மெக்கட்சன் அல்டூனாவில் ஆடினார். 2013-ல் மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 2023-ல் மேஜர் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வான பால் ஸ்கீன்ஸ் அதே கோடையில் அல்டூனாவில் பந்து போட்டார். அடுத்த மே மாதம் பிட்ஸ்பர்க்கில். வேலியோரம் உட்கார்ந்து அந்தப் பந்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லோரும் மேலே போவதில்லை. பெரும்பாலானவர்கள் போவதில்லை. 2022 வரைக்கும் டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 13,800 டாலர். ஒரே வாடகை வீட்டில் ஐந்தாறு பேர் தங்குவார்கள். சங்கம் அமைத்துப் பேசிய பிறகுதான் 2023-ல் 30,250 ஆனது. அந்தப் பையன்களைப் பார்க்கும்போது நான் அதையும் நினைத்துக்கொள்வேன்.

ஊர்களுக்கும் இதே நிலைதான். 2021-ல் மேஜர் லீக் மொத்த ஏற்பாட்டையும் மாற்றி 160 அணிகளை 120 ஆக்கியது. அல்டூனாவுக்குப் பக்கத்து ஸ்டேட் காலேஜ், அப்புறம் வில்லியம்ஸ்போர்ட், இரண்டுக்கும் மேஜர் அணியோடு இருந்த தொடர்பு போனது. அல்டூனா தப்பியது. ரயில்வே வேலை குறைந்துபோன ஊருக்கு அது பெரிய விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும், பொன்மலை மருமகள். மூன்றாவது இன்னிங்ஸில்தானே போனீர்கள்? முதல் இரண்டு இன்னிங்ஸ் கட்டங்களை என்ன செய்தீர்கள்? பந்துக்குப் பந்து இணையத்தில் கிடைக்கும், பார்த்து நிரப்பிவிடலாமே.

---

இடது கை சுழல் | செவ்வாய், இரவு 9:30

நாலு தப்பான பந்துக்கு நடை என்பது தெரியும். ஆனால் அதனால் பிட்சர் உள்ளே வந்தாக வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. அடுத்த தடவை அதை மட்டும் பார்க்கிறேன். இந்தியாவிலிருந்து இரண்டு பையன்களை ஏதோ அணி எடுத்ததாகப் படித்த ஞாபகம். அது என்ன ஆனது?

---

மூணாவது பேஸ் | செவ்வாய், இரவு 9:48

அது இதே பைரேட்ஸ்தான். ரிங்கு சிங், தினேஷ் படேல். இரண்டு பேரும் ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பாலைத் தொட்டதே கிடையாது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்து ஜெயித்து, 2008-ல் ஒப்பந்தம் போட்டார்கள். கீழ்ப்படிகளில் ஆடினார்கள். அல்டூனா வரைக்கும் ஏறவில்லை. தெரியாத ஆட்டத்தில் அந்த இரண்டு மூன்று படி ஏறியதே எவ்வளவு பெரியது என்று இந்த லீகைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

---

செங்கோட்டை | புதன், காலை 5:10 (இந்திய நேரப்படி பிற்பகல்)

நான் அமெரிக்கா வந்ததில்லை. முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் இந்த இழையை அனுப்பினாள்.

பின்னால் இரண்டு எஞ்சின் முட்டுக்கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது பேங்கர். செங்கோட்டை – புனலூர் மலைப் பாதையில், மீட்டர் கேஜ் காலத்திலும் சரி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்த பிறகும் சரி, பேங்கர் இல்லாமல் வண்டி ஏறாது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் மொத்த வண்டியும் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஊதலும் கை விளக்கும்தான். முன்னால் இழுப்பவர் சற்றுத் தளர்த்தியதை, பெட்டிகள் ஒன்றோடொன்று நெருங்குகிற அதிர்விலேயே பின்னால் இருப்பவர் உணர்ந்துகொள்ள வேண்டும். தாமதித்தால் நடுவில் உள்ள பெட்டி தடம் விட்டு எழும்பிவிடும்.

அந்த ஊரில் பணிமனையும் இருக்கிறதா? அதைப் பற்றி யாராவது எழுதினால் படிப்பேன்.

---

கூட்ஸ் வண்டி | புதன், காலை 8:15

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியது இந்த இழைக்கே பெரிய வரவு.

அல்டூனா என்ற ஊரே பணிமனைக்காகப் பிறந்தது. 1849-ல் பென்சில்வேனியா ரயில்ரோடு மலையடிவாரத்தில் இடம் பார்த்து உருவாக்கிய ஊர். மலை ஏறுவதற்கு முன் எஞ்சினைச் சோதிக்க, கூடுதல் எஞ்சின் மாட்ட, பழுது பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. உச்சத்தில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். 1866 முதல் 1946 வரை ஆறாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட எஞ்சின்களை அங்கேயே செய்தார்கள். அதில் ஒன்று கே-4 வகை நீராவி எஞ்சின், எண் 1361. 1918-ல் அதே ஊரில் பிறந்தது. ஓய்வு பெற்ற பிறகு 1957 முதல் 1985 வரை அந்த வளைவுப் பூங்காவிலேயே வெயிலிலும் பனியிலும் நின்றது. அதை இறக்கிச் சரிசெய்து 1987-ல் திரும்ப ஓட்டினார்கள், அடுத்த வருஷமே நின்றுபோனது. அதை மறுபடி ஓட வைக்கிற வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். இப்போது பூங்காவில் நிற்பது டீசல் எஞ்சின், எண் 7048. ஜூனியாட்டா பணிமனை இன்றும் நார்ஃபோக் சதர்ன் ரயில் கம்பெனி கையில் இருக்கிறது.

அந்த வளைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1942 ஜூனில் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பலில் எட்டுப் பேரை அமெரிக்கக் கரையில் இறக்கியது. அவர்கள் தகர்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஹார்ஸ்ஷூ கர்வும் இருந்தது. எதையும் தொடுவதற்கு முன்னாலேயே பிடிபட்டார்கள்.

பொன்மலை மருமகள், நீங்கள் சொன்னதை யோசித்தேன். பதினெட்டு வருஷமாக நான் அங்கே தனியாகத்தான் போகிறேன். ஒருநாள்கூட அந்த மைதானத்துக்குள் போனதில்லை. பாதி என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

---

நதிக்கரை | புதன், பகல் 12:40

காலிட்சின் வரைக்கும் போனவர்கள் இன்னும் பத்து நிமிஷம் ஓட்டினால் அலெகெனி போர்ட்டேஜ் ரயில்ரோடு இருந்த இடம், இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில். வளைவு வருவதற்கு முன் மலையை எப்படித் தாண்டினார்கள் என்பது அங்கே புரியும். 1834 முதல் 1854 வரை கிழக்கே ஒரு கால்வாய், மேற்கே ஒரு கால்வாய், நடுவில் மலை. மலையில் பத்துச் சாய்தளங்கள். உச்சியில் நீராவி எஞ்சினை வைத்து, கயிறு கட்டிப் பெட்டிகளை இழுத்தார்கள். படகையே துண்டுகளாகப் பிரித்து ஏற்றி மறுபக்கம் இறக்கியதும் உண்டு. சணல் கயிறு அறுந்து விபத்தானதால் ஜான் ரோப்ளிங் செய்த இரும்புக் கம்பி வடத்துக்கு மாறினார்கள். பிற்காலத்தில் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ரோப்ளிங். லாட வளைவு திறந்ததும் இந்தச் சாய்தளங்கள் எல்லாம் ஓய்ந்தன. அங்கே மரங்களுக்கு நடுவில் அந்தச் சாய்தளத்தின் மேல் நடந்துவிட்டு வளைவுக்குப் போங்கள். வரிசை மாறாமல் பார்த்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

---

பொன்மலை வீட்டுக்காரர் | புதன், இரவு 10:20

இழையில் அடிபடுகிற ஆள் நான்தான். இதற்காகவே பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

செங்கோட்டை ஐயாவுக்கு: பொன்மலைப் பணிமனையும் இப்படித்தான். நாகப்பட்டினத்திலிருந்து பணிமனையை மாற்றிக்கொண்டு வந்து, அதைச் சுற்றி ஊர் உருவானது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே அங்கே செய்தார்கள். அல்டூனா அருங்காட்சியகத்தில் தொழிலாளிகளின் சாப்பாட்டுத் தூக்கு, கை உறை, அடையாள வில்லைகளைப் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன். அப்பாவின் வில்லை இன்னும் எங்கள் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறது. ஊர் ஊராக எஞ்சினை வைத்திருப்பார்கள், ஃபிட்டரின் தூக்கை யார் வைத்திருக்கிறார்கள்? அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

காலிட்சினில் நான் பதிவு செய்த சத்தம் ஏழு நிமிஷம் இருக்கிறது. ஐயாவின் மகள் முகவரி தந்தால் அனுப்புகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பேங்கர் எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பேஸ்பாலைப் பற்றி: அன்று ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து பாடினார்கள், நானும் எழுந்தேன். எட்டாவதில் அவளுக்குக் கை வலித்ததால் அட்டையை என்னிடம் கொடுத்தாள். ஒரு முழு இன்னிங்ஸ் நான் எழுதினேன். ஓர் இடத்தில் 5-3 என்று எழுத வேண்டியதை 6-3 என்று எழுதிவிட்டேன், அவள் அழித்துத் திருத்தினாள்.

---

பொன்மலை மருமகள் | வியாழன், காலை 6:50

மூணாவது பேஸ் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இணையத்தில் பார்த்து நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் பார்க்காத பந்தை என் அட்டையில் எப்படி எழுதுவது? காலியாகவே விட்டு டின்னில் போட்டுவிட்டேன்.

நேற்று இழையைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். முதல் இன்னிங்ஸ் வரிசையில் மேலிருந்து கீழாக, ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாக, வீட்டுக்காரர் கையெழுத்தில் நாலு எஞ்சின் எண்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இரண்டாவது இன்னிங்ஸில் பெட்டிகளின் எண்ணிக்கை, 127. பக்கத்தில் நேரம்.

---

மூணாவது பேஸ் | வியாழன், காலை 7:15

அதை அழித்துவிடாதீர்கள்.

---

ரெண்டு வாண்டுகள் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 11:30

போய்விட்டு வந்தோம். ஓர் இரவு தங்கினோம், அது வசதியாக இருந்தது. நதிக்கரை சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். சாய்தளத்தில் மாமியார் இறங்கவில்லை, நிழலில் உட்கார்ந்துகொண்டார். வளைவுக்கு விஞ்சில் ஏறினார்.

பெரியவன் முதல் வண்டியில் பெட்டி எண்ண ஆரம்பித்து எண்பதுக்கு மேல் குழப்பிக்கொண்டு அழுதான். இரண்டாவது வண்டியில் மாமியார் விரல் மடக்கி, பத்துக்கு ஒரு கூழாங்கல்லாகக் கூடவே எண்ணினார். 114. சின்னவள் காதில் பஞ்சோடு தோளிலேயே இருந்தாள், எஞ்சின்காரர் கையாட்டியதும் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

மைதானத்தில் ஐந்தாவது இன்னிங்ஸோடு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். மாமியார் தூங்கவில்லை. ஆட்டம் முடிகிறவரைக்கும் இருக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அக்கா, அந்த அட்டை எங்கே வாங்குவது? அவருக்கு ஒன்று வேண்டுமாம்.

---

பொன்மலை மருமகள் | திங்கள், காலை 6:20

வாசலில் நுழைந்ததும் விற்பார்கள். கிடைக்காவிட்டால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், நான் முதல் வருஷம் அதில்தான் எழுதினேன். முகவரி அனுப்புங்கள், அம்மாவுக்கு நான் ஒரு கட்டு அனுப்புகிறேன். பென்சில் மட்டும் மென்மையானதாக வாங்கச் சொல்லுங்கள், அழித்தால் தடம் தெரியக் கூடாது.